சிப்பிப் பொட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆளுக்குச் சொன்ன அந்தப் பழமொழியை நான் ஒரு மரக்கருவிக்குப் பொருத்திப் பார்த்தேன். அதனால் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்தக் கதையை இம்மலரின் வாயிலாக என் நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கதையின் முடிவில் உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இறுதிவரை பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன்.

என்னிடம் ஒரு கிதார் இருக்கிறது. எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே கோயில் பாடற்குழுவில் ஓர் அண்ணன் ஞாயிறு மாலைகளில் கிதார் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் மூன்றாண்டுகள் கற்றேன். ஆனால் சொந்தமாகக் கருவி இல்லை. 2023ஆம் ஆண்டு நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது, என் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து, 3,200 ரூபாய்க்கு யாரோ பழகிக் கைவிட்ட கிதார் ஒன்றை வாங்கித் தந்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். அதற்கான பரிசு அது.

கிதாரைக் கையில் எடுத்துப் பாராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அதன் கழுத்தின்மேல் நீளமாக ஒரு பலகை ஒட்டியிருக்கும். இடக்கை விரல்கள் ஓடி விளையாடும் இடம் அதுதான். விரற்பலகை என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்கே உலோகக் கம்பிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். கிதார்க்காரர்கள் 'ஃப்ரெட்' என்பார்கள். வீணைக்காரர்கள் சொல்லும் 'மெட்டு' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. அதையே இங்கே கையாள்கிறேன். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய மெட்டுகளை ஒட்டிப் பலகையில் ஒவ்வொரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பன்னிரண்டாம் மெட்டுக்கு மட்டும் இரட்டைப் பொட்டு. அதற்குமேல் பதினைந்திலும் பதினேழிலும் மீண்டும் ஒவ்வொன்று. பலகையைக் குடைந்து, குடைந்த பள்ளத்தில் வேறொரு பொருளை மட்டமாகப் பதிப்பதால் இதனை 'இன்லே' என்கிறார்கள். எனக்குப் பொட்டு என்ற சொல்லே பிடித்திருக்கிறது.

இந்தப் பொட்டுகளுக்கு என்ன வேலை? இயற்பியல் மாணவனாகிய நான் மீட்டர் அளவுகோலை வைத்து என் கிதாரின் கம்பியை அளந்தேன். தாங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை 648 மில்லிமீட்டர். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நகரும்போது ஒலிக்கும் கம்பியின் நீளம் 1.0595 என்ற எண்ணால் வகுபடுகிறது. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் அது. ஆகவே பன்னிரண்டு மெட்டு ஏறினால் நீளம் சரிபாதி ஆகிவிடும். அதாவது 324 மில்லிமீட்டர். அதே சுரம் ஒரு தாயி மேலேறிக் கேட்கும். ஏழாம் மெட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாம் மெட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இந்த மூன்று இடங்களிலும் கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டுமட்டும் மீட்டினால் கோயில் மணி போன்ற ஓசை எழும். மூன்றும் ஒன்பதும் இடைவெளியை நிரப்ப வந்த வழக்கம் என்றே தோன்றுகிறது. பாஞ்சோவிலும் உகுலேலே பலவற்றிலும் ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தில் பொட்டு வைப்பார்கள். எப்படியாயினும் அவை வழிகாட்டிகள். நெடுஞ்சாலையில் மைல்கல் போன்றவை.

ஆனால் மைல்கல்லை யாரும் அலங்கரிப்பதில்லை. கிதாரின் பொட்டை அலங்கரிக்கிறார்கள்! அமெரிக்காவில் கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட 'லெஸ் பால்' கிதாரில் பொட்டுக்குப் பதிலாகச் சரிவகம் போன்ற அகன்ற பட்டைகளைப் பதித்தது. 1985இல் தொடங்கிய பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின் கிதார்களில் பறவைகள் மெட்டுக்கு மெட்டு சிறகு விரிக்கின்றன. 1933இல் மார்ட்டின் நிறுவனம் ஜீன் ஆட்ரி என்ற பாடகருக்காக முதல் 'டி-45' கிதாரைச் செய்தபோது, விரற்பலகையில் அவர் பெயரையே சிப்பியால் எழுதிப் பதித்தது. நேர்மாறாக, ஸ்பானிய மரபுக் கிதாரின் விரற்பலகையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பொட்டுகூட இராது. கைம்பெண்ணின் நெற்றிபோல் வெறுமையாக இருக்கும் என்று ஒரு காலத்தில் உவமை சொல்லியிருப்பார்கள். இன்று அப்படிச் சொல்ல நமக்கு மனம் வராது, வரவும் கூடாது.

என் கிதாரின் பொட்டுகளோ மலிவான பிளாஸ்டிக். வெண்மை போய்ப் பழுத்த பல்லின் நிறத்துக்கு வந்திருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் சுருங்கும். ஏன் சுருங்க வேண்டும்? இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது.

முதலாமாண்டில் ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் தந்தையின் தொழிலைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. "அப்பா கடல்பொருள் ஏற்றுமதி செய்கிறார்" என்றேன். எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. என் அப்பா பிறருடைய விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அம்மா இறால் உரிக்கப் போகிறவர். அவர்கள் கைபட்ட இறால் ஏதோ ஒரு நாட்டுக்குக் கப்பலேறுகிறது என்பது உண்மை. அந்த உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரும் பொய்யைச் சொல்லிவிட்டேன்.

பொய்க்குப் பசி அதிகம். ஒன்றைச் சொன்னால் அதற்குத் தீனி போட இன்னொன்றைச் செய்ய வேண்டும். ஏற்றுமதியாளர் மகன் கையில் பழுத்த பிளாஸ்டிக் பொட்டு வைத்த கிதார் இருக்கலாமா? 2025 பிப்ரவரியில் நம் கல்லூரி நுண்கலை விழா வந்தது. மேடையில் வாசிக்கப் பெயர் கொடுத்துவிட்டேன். கைப்பேசி வழியே ஒட்டுத்தாள் பொட்டுகள் ஒரு தொகுதி வரவழைத்தேன். சிப்பியின் பளபளப்பை அச்சடித்த மெல்லிய தாள். லெஸ் பால் கிதாரில் உள்ளது போன்றே சரிவக வடிவம். கம்பிகளைத் தளர்த்தி, பலகையைத் துடைத்து, பழைய பொட்டுகளின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன். அரைமணி நேர வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் ஐம்பதாயிரம் ரூபாய்க் கிதார்!

வீட்டுத் திண்ணையில் அதைச் சாய்த்து வைத்து நானே எட்ட நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா வந்தார்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எண்பத்தாறு. ஒரு கண்ணில் புரை. இடது காது அறவே கேளாது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. 1961இல் நடந்ததுதான் அங்கே கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. அப்போது தாத்தாவுக்கு இருபத்திரண்டு வயது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கினவர். மேலே படகில் கயிறு பிடித்தவர் அவருடைய மச்சினர். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்று நாம் முதலாண்டுப் புத்தகத்தில் படிக்கிறோம். தாத்தா அதைக் காதுச் சவ்வால் படித்தார்.

அவர் கிதாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் பலகையைத் தடவினார்.

"என்னலே இது? சிப்பி மாரி மினுங்குது."

"சிப்பி மாதிரிதான் தாத்தா. ஒட்டுற தாள்."

"தாளா?" மீண்டும் தடவினார். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "சிப்பின்னா சாய்க்கச் சாய்க்க நெறம் ஓடும். இது ஓடலியே. தாளுக்கு எதுக்குலே சிப்பி வேசம்?"

எனக்குச் சுருக்கென்றது. வேடம் போட்டது தாளா, நானா? ஆயினும் அன்று அதைப் பற்றி மேலும் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. கிதாரை உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

விழா அன்று நடந்ததை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள். மேடை விளக்கின் வெக்கை. உள்ளங்கை முழுதும் வேர்வை. நானோ என் புதுப் பொட்டுகள் சபைக்குத் தெரிய வேண்டுமே என்று கிதாரை நிமிர்த்திப் பிடித்து, நானும் அவற்றையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். ஐந்தாம் மெட்டில் ஒரு விரலை ஆறு கம்பிகள்மேலும் கிடத்தி அழுத்தி எடுத்தபோது, தாளின் ஒரு முனை விரலோடு வந்தது. அடுத்த முறை தாளே வந்தது. சரிவகச் சிப்பி என் ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு கொடிபோல் ஆடிற்று. கம்பிகள் கரகரத்தன. விரல் ஆறாம் மெட்டில் போய் விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரிக்க, அரங்கமே சிரித்தது. சிரித்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கீழே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அன்றிரவு வீட்டில் யாரிடமும் பேசாமல் மீதித் தாள்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துவந்து என் கையில் வைத்தார். உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு முத்துச்சிப்பி ஓடு. உட்புறம் விளக்கொளியில் பச்சையும் இளஞ்சிவப்புமாக நிறம் ஓடிற்று.

"அறுபத்தொண்ணுல என் பங்குக்கு வந்தது. முத்து ஒண்ணும் இல்ல. ஒன் ஆச்சி சுண்ணாம்பு வைக்க வச்சிருந்தா."

ஓட்டின் ஓரத்தில் அந்தச் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காக இன்னும் ஒட்டியிருந்தது. ஆச்சி இறந்து ஒன்பதாண்டுகள் ஆகின்றன.

"இத அறுத்து வையி."

"வேண்டாம் தாத்தா. ஆச்சி நினைவா வச்சிருக்கீங்க. இதையா அறுக்குறது?"

"பெட்டிக்குள்ள கெடந்தா யாருக்குலே பிரயோசனம்? அறு."

எங்கள் தெருவில் படகு கட்டும் ஓடாவி மாமா ஒருவர் இருக்கிறார். அவருடைய பட்டறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வேலை நடந்தது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கிதார் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் பழைய பொட்டை எடுக்க வேண்டும். பொட்டின் நடுவில் நுண்ணிய துளையிட்டு, அதில் ஒரு சிறிய திருகாணியை இரண்டு மூன்று சுற்று முறுக்கி, குறட்டால் நேராக மேலே இழுத்தால் பொட்டு கழன்று வந்துவிடும். உளியால் நெம்பக்கூடாது. நான் அவசரப்பட்டு ஒன்றை நெம்பினேன். மரம் சிம்பு பெயர்ந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அந்தக் காயத்தை அடைத்தோம். பொட்டின் குறுக்களவு 6 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டருக்குள்.

அடுத்து சிப்பி. கிதார்த் தொழிலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஆஸ்திரேலியா, இந்தோனேசியாக் கடல்களில் வாழும் பெரிய முத்துச்சிப்பி. தட்டு அளவுக்கு வளரும், ஓடும் தடிப்பு. நம் மன்னார் வளைகுடாச் சிப்பி இனம் சிறியது, ஓடு மெல்லியது. இரு ஓடுகளும் கூடும் மூட்டுப் பக்கத்தில்தான் கொஞ்சம் தடிப்பு இருக்கும். மெல்லிய ரம்பத்தால் அறுத்தபோது முதல் துண்டு பிளந்தது. இரண்டாவது பொடிந்தது. என் கை நடுங்கத் தொடங்கிற்று. ஆச்சியின் சுண்ணாம்புக் கிண்ணத்தை வீணாக்குகிறேனே என்ற பயம். தாத்தா பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். "மெதுவா. தண்ணி விட்டு அறு. அதுக்குத் தண்ணிதான் பழக்கம்" என்றார்.

தண்ணீர் விட்டு அறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சதுரமாக அறுத்த துண்டை ஒரு மெல்லிய கம்பின் நுனியில் பசையால் ஒட்டி, கம்பைத் துளைபோடும் எந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, ஈரமான அரத்தை ஓரத்தில் காட்டினால் சதுரம் மெல்ல வட்டமாகும். எட்டுப் பொட்டு வேண்டும். நான்கு வாரத்தில் உருப்படியாகக் கிடைத்தவை இரண்டே இரண்டு!

எட்டில் இரண்டை எங்கே வைப்பது? நான் மூன்றிலும் ஐந்திலும் வைக்கலாம் என்றேன். எல்லோர் கண்ணிலும் படும் இடம். ஓடாவி மாமாதான் கேட்டார்: "இதுல நடு எங்க இருக்கு மருமகனே? படகுன்னா நடுவுலதான் மொத அளவு." கம்பியின் சரிபாதி பன்னிரண்டாம் மெட்டு அல்லவா! அங்கே இரட்டைப் பொட்டும் அல்லவா! என் கணக்கு எனக்கே மறந்து போயிருந்தது. அங்கேயே வைத்தோம். ஏனைய ஆறு இடங்களிலும் பழைய பிளாஸ்டிக் வகையே புதிதாக வாங்கிப் பதித்தேன். விலை இருபது ரூபாய்.

பசை காய்ந்ததும் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, பொட்டும் பலகையும் ஒரே மட்டமாகும்வரை தேய்த்தேன். அப்போது ஒரு புதிய அதிர்ச்சி. பொட்டைச் சுற்றிப் பலகை வெளுத்துவிட்டது! கருமரம் என்று நான் நம்பியிருந்தது வெளிர்மரம். மேலே கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கிதாருக்கே ஒரு வேடம் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இருவரும் பொருத்தமான சோடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே துணைப்பாடமாகப் படிக்கும் வேதியியல் கைகொடுத்தது. காடியில் இரும்புக் கம்பி நாரை மூன்று நாள் ஊறவைத்தால் இரும்பு கரையும். மரத்தில் முதலில் கடுந்தேநீரைப் பூசி உலரவிட்டு, பிறகு அந்தக் கரைசலைத் தூரிகையால் தடவினால், தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து மரம் கண்ணெதிரே கறுக்கும். பழங்காலத்து எழுதும் மையும் ஏறத்தாழ இதே வினைதான். ஆனால் சிப்பி கால்சியம் கார்பனேட். காடி பட்டால் அரித்துவிடும்! ஆகவே மெழுகுவர்த்தியை உருக்கி இரண்டு பொட்டுகளின்மேலும் சொட்டி மூடிவிட்டுப் பூசினேன். கறுப்பு ஏறிக் காய்ந்தபின் மெழுகைப் பெயர்த்தேன். கறுத்த பலகையில் இரண்டு சிப்பிப் பொட்டுகள். சாய்த்தேன். நிறம் ஓடிற்று.

ஏன் ஓடுகிறது என்பதை அந்த வாரமே நம் ஆய்வகத்தில் புரிந்துகொண்டேன். நியூட்டன் வளையங்கள் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி அலைகள் குறுக்கிட்டு வளையங்கள் தோன்றுகின்றன. சிப்பியின் உட்புறமும் அப்படியே. ஏறத்தாழ அரை மைக்ரான் தடிப்புள்ள தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் ஒளி பட்டுத் திரும்பிக் குறுக்கிடுவதால், பார்க்கும் கோணம் மாற நிறமும் மாறுகிறது. சிப்பியில் சாயம் ஏதும் இல்லை. அதன் நிறம் அதன் உடலின் அமைப்பு. அச்சடித்த தாளில் நிறம் மேலே மட்டும் இருக்கிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதே நிறம். புரை விழுந்த கண்ணால் தாத்தா ஒரு நொடியில் கண்டுபிடித்த வேறுபாடு இதுதான்.

கம்பிகளை மாட்டி வாசிக்க உட்கார்ந்தேன். விரல்கள் தடுமாறின. மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை, பிறகு ஏன்? கிதாரைச் சாதாரணமாக மடியில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. விரற்பலகையின் மேல்முகத்தில் உள்ள பொட்டுகளைத் தவிர, அதன் விளிம்பிலும் கடுகளவுப் புள்ளிகள் உண்டு. அதே மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. நான் பூசிய கறுப்பு வழிந்து அவற்றை மூடியிருந்தது. குண்டூசியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது.

பாடற்குழு அண்ணன் முன்பே இதைச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை. கிதாரை முறையாகப் பிடித்தால் மேல்முகத்துப் பொட்டுகள் சபையைப் பார்க்கின்றன. வாசிப்பவன் கண்ணுக்கு நேரே தெரிபவை விளிம்பில் உள்ள சிறு புள்ளிகளே. எதிரே இருப்போர் பார்க்க ஒரு வரிசை. நான் வழி தவறாமலிருக்க ஒரு வரிசை. நான் மாதக்கணக்கில் கவலைப்பட்டதெல்லாம் முதல் வரிசையைப் பற்றி. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜீன் ஆட்ரி தம் பெயரைப் பதித்துக்கொண்டதில் குற்றமில்லை. அது அவருடைய பெயர். நான் ஒட்டிக்கொண்டது பிறருடையது.

தாத்தா கிதாரைக் கேட்டு வாங்கினார். பன்னிரண்டாம் மெட்டில் கட்டைவிரலை வைத்து இரண்டு பொட்டுகளையும் மாறி மாறித் தடவினார். "ஒன் ஆச்சி இருந்தா வைவா" என்றார். பிறகு வலக்காதைக் கிதாரின் உடம்போடு ஒட்டிவைத்து, "அடி" என்றார். அடித்தேன். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

அடுத்த மாதம் வகுப்பு நண்பர் ஒருவர் கிதாரைப் பார்த்து, "இந்த இரண்டு மட்டும் வேறுமாதிரி இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். வாங்கவில்லை என்றேன். தாத்தா முத்துக்குளித்தவர் என்றேன். ஒரு கதவு திறந்தால் மறு கதவும் திறந்துதானே ஆக வேண்டும்! அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா சுமை தூக்குகிறார். வியாபாரம் என்று நானும் சொல்லியிருந்தேன்" என்றார். இருவரும் தேநீர் குடிக்கப் போனோம்.

ஒருவரிடம் சொல்லியாயிற்று. சிற்றுண்டிச்சாலையில் அன்று இருந்த மற்றவர்களுக்கு இந்தப் பக்கங்களின் வாயிலாகச் சொல்கிறேன். நண்பர்களே, என் அப்பா ஏற்றுமதியாளர் அல்லர். பிறர் படகில் கூலிக்கு வலை இழுக்கிறார். என் அம்மா இறால் உரிக்கிறார். அவர்கள் உழைப்பில்தான் நான் உங்களோடு இந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறேன். உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நேரிலேயே கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "எறாலும் ஏத்துமதிதானலே ஆவுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

அறுத்தது போக மீந்த ஓடு தாத்தாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பக்கம் கடித்த அப்பம் போல் இருக்கும். விடுமுறையில் எங்கள் ஊருக்கு வரும் நண்பர்களுக்குத் தாத்தா அதை எடுத்துக் காட்டுவார். அவருடைய வலப்பக்கமாக உட்கார்ந்து உரக்கப் பேச வேண்டும். வருகிறவர்களுக்கு மீன் குழம்பும் உண்டு.